35 அங்குல டயருக்கு எந்தப் பின் அச்சு? ஹைலக்ஸில் மூன்று தேர்வுகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஃபோர் வீல் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது டயரில். பிறகு சஸ்பென்ஷனை உயர்த்துவார்கள், முன்னால் விஞ்ச் பூட்டுவார்கள், பின் டிஃப்பில் (டிஃபரென்ஷியலில்) இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போடுவார்கள். இந்த வேலைகள் ஒவ்வொன்றும் பின் அச்சின் மேல் கூடுதல் பாரத்தை ஏற்றிவிட்டுப் போகின்றன. அச்சு மட்டும் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே கிடக்கும். ஒருநாள் கோலக் குபு பாரு மலைச்சரிவில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். என்ஜின் உறுமும், வண்டி நகராது. அதன் பிறகுதான் "எந்த அச்சு போடலாம்?" என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்குப் பட்டறைகளில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரு பெயராக இருக்கிறது. ஒருவர் லேண்ட் குரூஸர் என்பார், இன்னொருவர் பேட்ரோல் என்பார், மூன்றாமவர் "ஷாஃப்டை மட்டும் மாற்று, போதும்" என்பார். மூன்று பதிலும் சரியாக இருக்கக்கூடிய வண்டிகள் உண்டு. உங்கள் வண்டிக்கு எது சரி என்பதைச் சொல்வதற்காகவே இந்த விமர்சனம்.

சோதனைக்கு எடுத்த வண்டி

இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106. முன்னும் பின்னும் திட அச்சு, நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், 2.8 லிட்டர் 3எல் டீசல் என்ஜின். தோட்டத்து வேலைக்கும் காட்டு வேலைக்கும் ஓடி ஓடி உழைத்த வண்டி இது. இன்றும் சிலாங்கூரின் காட்டுப் பாதைகளில் பார்க்கலாம். பின்னால் டிஃப்பின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் 8 அங்குலம், முனையில் 30 ஸ்ப்ளைன் பற்கள் கொண்ட ஷாஃப்ட், செமி ஃப்ளோட்டிங் அமைப்பு.

ஒரே மாதிரியான இரண்டு எல்என்106 வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் பழைய 8 அங்குல அச்சே இருந்தது, ஷாஃப்ட் மட்டும் உயர்தர எஃகுக்கு மாறியிருந்தது. மற்றதில் லேண்ட் குரூஸர் 80இன் பின் அச்சு. இரண்டிலும் 35 அங்குல டயர். மூன்றாவது தேர்வான நிசான் பேட்ரோல் அச்சை கிள்ளானில் ஒரு பட்டறை மேடையில் பிரித்துப் போட்ட நிலையில் பார்த்தேன். அந்த அச்சு பூட்டிய வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தும் போனேன்.

உடைப்பது எது?

என்ஜின் பலத்தால்தான் ஷாஃப்ட் உடைகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3எல் என்ஜின் தருவது சுமார் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியர் அதை ஏறக்குறைய 4 மடங்காக்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.28 மடங்கு, டிஃப் 4.1 மடங்கு. எல்லாம் பெருக்கினால் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்வது 7,000 நியூட்டன் மீட்டர் அளவு. இந்த முழு விசையும் ஒரே சக்கரத்துக்குப் போனால் எந்தச் சாதாரண ஷாஃப்டும் தாங்காது. அப்படியும் பெரும்பாலான வண்டிகளில் உடைவதில்லை. காரணம், அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடுகிறது.

ஆகவே ஷாஃப்டுக்கு வரும் பாரத்தைத் தீர்மானிப்பது மூன்று: அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை, தரையின் பிடிமானம், டயரின் ஆரம். பாறையில் ஒரு பக்கம் சாய்ந்த வண்டியில் ஒரு பின் சக்கரம் 900 கிலோவைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிமானம் 0.8. டயர் 31 அங்குலம் என்றால் ஷாஃப்டுக்கு வருவது ஏறக்குறைய 2,750 நியூட்டன் மீட்டர். அதே இடத்தில் 35 அங்குல டயர் போட்டால் 3,100ஐத் தாண்டுகிறது. என்ஜினைத் தொடவேயில்லை, டயர் மாறியதாலேயே சுமை 13 விழுக்காடு ஏறிவிட்டது.

இது அமைதியாக ஏறும்போது வருகிற சுமை. உண்மையில் உடைப்பது அதிர்ச்சிச் சுமை. சேற்றில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் டயர் திடீரென்று ஒரு வேரையோ பாறையையோ கவ்வும்போது, சுழன்றுகொண்டிருந்த டயரும் கியர்களும் என்ஜின் ஃப்ளைவீலும் ஒரு கணத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வேகமெல்லாம் முறுக்காக ஷாஃப்டில் இறங்குகிறது. டயர் எவ்வளவு கனமோ அவ்வளவு அடி.

நம்முடைய மண் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. காப்பார், கோல லங்காட் பக்கம் கடலோரச் சமவெளி. செம்பனைத் தோட்டங்களின் நடுவே மெத்தென்ற களிமண்ணும் கரிச்சேறும். அங்கே டயர் புதையும், சுழலும். சட்டென்று கவ்வ ஒன்றும் இல்லாததால் ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும். கிழக்கே உலு லங்காட்டிலோ, கோலக் குபு பாருவிலிருந்து லாத்தா மேடாங் போகிற பாதையிலோ கதை வேறு. மேலே வழுக்கும் செம்மண், அடியில் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல், குறுக்கே மர வேர்கள். டயர் வழுக்குவதும் கவ்வுவதும் மாறி மாறி நடக்கும். சமவெளியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய அச்சு மலைப்பாதையில் ஒரே மழை நாளில் உடைவது இதனால்தான். 1997 முதல் மலேசியாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஃபோர் வீல் போட்டியை ஆண்டிறுதி மழைக்காலத்தில் வைப்பதும், வண்டியையும் ஆளையும் இந்த மண்ணிடம் விட்டுப் பார்க்கத்தான்.

செமி ஃப்ளோட்டிங், ஃபுல் ஃப்ளோட்டிங்

அச்சு வாங்கப் போகிறவர் கிரவுன் வீலின் அளவைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

செமி ஃப்ளோட்டிங் அச்சில் ஷாஃப்டுக்கு இரண்டு வேலை. சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், வண்டியின் எடையைச் சுமக்கவும் வேண்டும். தலையில் சுமையை ஏற்றிவிட்டு ஆட்டுக்கல்லையும் சுற்றச் சொல்வது போன்ற ஏற்பாடு. ஹைலக்ஸில் ஒரே ஒரு பேரிங், ஷாஃப்டின் வெளிமுனைக்கு அருகே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். உள்பக்கம் ஸ்ப்ளைன் அருகே உடைந்தால் சக்கரம் கழன்று ஓடாது. ஆனால் ஆடத் தொடங்கும், ஆயில் சீல் போகும், பிரேக் டிரம்மில் உராயும். ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் உடைந்தாலோ சக்கரம் டிரம்மோடு வெளியே போய்விடும்.

ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையைச் சுமப்பது ஸ்பிண்டில். அதன் மேல் இரண்டு டேப்பர் பேரிங்குகள், அவற்றின் மேல் ஹப். ஷாஃப்ட் நடுவே நுழைந்து சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. இதை அடையாளம் காண எங்கும் போக வேண்டாம். காப்பார் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியின் பின் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் ஹப் துருத்திக்கொண்டு, வட்டமாகப் போல்ட்டுகளோடு நிற்கும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரத்தைத் தொடாமலேயே ஷாஃப்டை உருவிவிடலாம்.

காட்டில் இதன் பலன் பெரிது. ஷாஃப்ட் உடைந்தால் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, ஹப் வாயை ஒரு தகட்டால் மூடி, முன் ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலில் போட்டால் முன் சக்கரங்கள் வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்துவிடும். பின் சக்கரம் உருண்டுகொண்டு வரும். பலமான அச்சு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: உடைந்த பிறகும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருகிற அச்சு.

முதல் தேர்வு: இருக்கும் அச்சையே பலப்படுத்துவது

8 அங்குல டொயோட்டா டிஃப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஹைலக்ஸின் எடைக்கும் என்ஜினுக்கும் ஏற்ற, நன்றாக யோசித்துச் செய்த பொருள். 33 அங்குல டயர் வரை, நிதானமாக ஓட்டத் தெரிந்த கையில், இது போதும்.

பலப்படுத்துவதில் முதல் வேலை ஷாஃப்ட். 4340 வகை குரோம் மோலி எஃகில் செய்து, முறையாக வெப்பப் பதம் செய்த ஷாஃப்ட் அசலைவிடக் கணிசமாகத் தாங்கும். பட்டறைப் பேச்சில் அடிபடும் இஎன்24 எஃகும் ஏறக்குறைய அதே இனம். ஆனால் எஃகின் பெயரைவிட முக்கியம் வெப்பப் பதம். லேத்தில் அழகாகக் கடைந்து, பதம் செய்யாமல் கொடுக்கிற ஷாஃப்ட் கைக்குப் பளபளப்பாக இருக்கும். முதல் மலையிலேயே முறுகிவிடும். செய்து தருகிறவரிடம் எங்கே பதம் செய்தார்கள், கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வாங்க வேண்டாம்.

விட்டம் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 33 ஆனால் விட்டம் கூடியது பத்தில் ஒரு பங்கு, பலம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. இது ஷாஃப்டின் மிக மெல்லிய இடத்துக்குப் பொருந்தும் கணக்கு. நடுவில் தடியாக இருந்து ஸ்ப்ளைன் அடியில் ஒல்லியாக இருந்தால் முறுக்கு முழுவதும் அந்த ஒல்லி இடத்தில் போய்க் குவியும். நல்ல ஷாஃப்டில் நடுப்பகுதியை ஸ்ப்ளைனின் அடிவிட்டத்துக்கு இறக்கிக் கடைந்திருப்பார்கள். முறுக்கு நீளம் முழுக்கப் பரவ வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாவது வேலை ஹவுசிங். முன்னும் பின்னும் விஞ்ச், கூடாரம், தண்ணீர் டிரம், உபரி டயர் என்று ஏற்றிய வண்டியில் அச்சுக்குழாய் மெல்ல வளையும். டயர் உள்பக்கம் தேய்வதும் ஒரு பக்கத்து ஆயில் சீல் அடிக்கடி போவதும் அதன் அறிகுறி. மேலே டிரஸ் எனும் தாங்கு சட்டம் ஒன்றை வைத்து வெல்டு செய்தால் வளைவு நிற்கும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு இழுத்தால் சூட்டில் குழாயே கோணிவிடும். சிறு சிறு துண்டுகளாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டுச் செய்ய வேண்டும்.

இந்தத் தேர்வின் குறை ஒன்றே ஒன்று. எவ்வளவு செலவழித்தாலும் இது செமி ஃப்ளோட்டிங்தான். எடையும் முறுக்கும் அதே ஷாஃப்டில்தான் வந்து விழும். 35 அங்குலமும் லாக்கரும் சேர்ந்தால் இதன் எல்லை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது தேர்வு: லேண்ட் குரூஸர் 80

9.5 அங்குல கிரவுன் வீல், 30 ஸ்ப்ளைன். ஸ்ப்ளைன் எண்ணிக்கை ஹைலக்ஸ் போலவே இருப்பதைப் பார்த்து ஷாஃப்ட் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அளவு வேறு, பலம் வேறு. 80இல் செமி ஃப்ளோட்டிங் பின் அச்சும் வந்திருக்கிறது, ஃபுல் ஃப்ளோட்டிங்கும் வந்திருக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது. சக்கரத்தின் நடுவில் ஹப் துருத்தியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சக்கரப் போல்ட் அமைப்பு ஹைலக்ஸ் போலவே 6 போல்ட், 139.7 மில்லிமீட்டர் என்பதால் இருக்கும் ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே மின்சார லாக்கர் பூட்டி வந்த அச்சு கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இதன் பெயர்போன பலவீனம் ஹப் ஃபிளாஞ்ச் ஸ்டட்டுகள். லாக்கரைப் பூட்டி முழுப் பாரத்தோடு ஏறிக்கொண்டே இருந்தால் நட்டுகள் மெல்ல இளகும். கவனிக்காமல் விட்டால் ஸ்டட் அறுந்துபோகும். ஒவ்வொரு கடினமான பயணத்துக்குப் பிறகும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்கிறவருக்கு இந்த அச்சு நெடுங்காலம் உழைக்கும்.

"பெரிய டிஃப் கீழே இடிக்குமே" என்ற பயம் பலருக்கு. கிரவுன் வீலின் ஆரத்தில் வித்தியாசம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். 31லிருந்து 35 அங்குல டயருக்குப் போகும்போது அச்சு மேலே ஏறுவது 2 அங்குலம், 51 மில்லிமீட்டர். கழித்தால் 32 மில்லிமீட்டர் மிச்சம். டயரையும் அச்சையும் சேர்த்து மாற்றுகிறவருக்குத் தரை இடைவெளி கூடத்தான் செய்கிறது.

மூன்றாவது தேர்வு: நிசான் பேட்ரோல் ஒய்60

இதன் எச்233பி அச்சின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 233 மில்லிமீட்டர் கிரவுன் வீல், ஏறக்குறைய 9.2 அங்குலம். லேண்ட் குரூஸருக்கு ஒரு மயிரிழை குறைவு, ஹைலக்ஸுக்கு வெகுதூரம் மேலே. காயில் ஸ்பிரிங் பேட்ரோலில் இது ஃபுல் ஃப்ளோட்டிங். 6 போல்ட், 139.7 என்ற அமைப்பும் அதேதான்.

பட்டறை மேடையில் இதைப் பிரித்துப் பார்த்தபோது என்னைக் கவர்ந்தது ஹவுசிங்கின் கனம். குழாயும் நடுப்பகுதியும் லோரிப் பொருள் போல இருக்கின்றன. பெரிய டிரஸ் எதுவும் இல்லாமலேயே பாரம் தாங்கும். ஆஸ்திரேலியாவில் பேட்ரோலை நம்பிப் பாலைவனம் கடப்பவர்கள் இத்தனை பேர் இருப்பதில் வியப்பில்லை.

சிக்கல் முன் அச்சோடு சேர்ப்பதில். முன்னும் பின்னும் டிஃப் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும். பேட்ரோலின் 4.11ஐ ஹைலக்ஸின் 4.1 முன் டிஃப்போடு சேர்க்கலாம், வித்தியாசம் நானூற்றில் ஒரு பங்கு அளவுதான், சேற்றில் தெரியவே தெரியாது. பேட்ரோலின் 4.63ஐ டொயோட்டாவின் 4.56 முன் டிஃப்போடு சேர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மற்றபடி, வருங்காலத்தில் உதிரிப்பாகம் தேடும்போது முன்னுக்கு டொயோட்டா, பின்னுக்கு நிசான் என்று இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் வண்டி நடுக்காட்டில் நிற்கும்போது சின்னதாகத் தெரியாது.

டானா 60, ஃபோர்ட் 9 அங்குலம், போர்ட்டல் அச்சு ஆகியவற்றையும் சிலர் கேட்கிறார்கள். 35 ஸ்ப்ளைன் டானா 60 போட்டி வண்டிக்கு உரியது. போர்ட்டல் அச்சு ஹப்பிலேயே கியர் வைத்திருப்பதால் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கைக் குறைக்கிறது, தரை இடைவெளியையும் அள்ளித் தருகிறது. இரண்டுமே அருமையான பொறியியல். வார நாளில் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகும் வண்டிக்கு அவை தேவையில்லை.

ஹாஃப்கட் கடையில் கையோடு பார்க்க வேண்டியவை

நம் ஊரில் அச்சு வாங்குவது என்றால் ஜப்பானிலிருந்து வெட்டி இறக்கும் பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில்தான். வெளியே பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது.

ஷாஃப்டை உருவச் சொல்லுங்கள். துணியால் ஸ்ப்ளைனைத் துடைத்து, கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, பல் வரிசையோடு பார்வையை ஓட்டுங்கள். வரிகள் ஷாஃப்டின் நீளத்துக்கு இணையாக நேராகப் போக வேண்டும். முனையில் சற்றே சாய்ந்து திருகியிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே எல்லையைத் தாண்டி முறுகியிருக்கிறது. உடையவில்லையே தவிர, அதன் ஆயுள் முடிந்துவிட்டது. நகத்தால் தடவினாலும் இந்தச் சாய்வு தெரியும்.

அடுத்து டிஃப் ஆயில். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். ஊசி போன்ற துண்டோ பல்லின் சில்லோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான அச்சு ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எந்த அச்சு போட்டாலும் பிரீதருக்கு ஒரு நீளக் குழாய் மாட்டி மேலே என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது கட்டாயம். விலையில் மிகச் சிறியது, பலனில் மிகப் பெரியது.

விகிதத்தை லேபிளை நம்பி எடுக்க வேண்டாம். லாக்கர் இல்லாத டிஃப் என்றால் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். திறந்து பார்க்க முடிந்தால் பல்லை எண்ணுங்கள். டொயோட்டாவில் 41க்கு 10 என்றால் 4.1, 43க்கு 10 என்றால் 4.3, 41க்கு 9 என்றால் 4.56, 39க்கு 8 என்றால் 4.88. 31 அங்குல டயரில் 4.1 விகிதத்தோடு ஓடிய வண்டிக்கு 35 போட்டால் பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.63 அளவு தேவை. எனவே 4.56 பொருத்தமானது. அதற்கும் மேலே போகப் போகப் பினியன் சிறுத்து, பற்கள் குறைந்து, பலமும் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

பொருத்தும் வேலை

80, பேட்ரோல் இரண்டுமே காயில் ஸ்பிரிங் வண்டியின் அச்சுகள். ஹைலக்ஸில் போட வேண்டுமானால் பழைய பிராக்கெட்டுகளை அறுத்தெறிந்து லீஃப் ஸ்பிரிங் பெர்ச்சுகளைச் சரியான கோணத்தில் வெல்டு செய்ய வேண்டும். கோணம் தவறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். அந்த ஷாஃப்டின் நீளமும் ஃபிளாஞ்சும் மாறும். லீஃப் ஸ்பிரிங்கில் இன்னொரு தொல்லை: கடுமையாக ஏறும்போது ஸ்பிரிங் 'எஸ்' வடிவில் வளைந்து, டிஃப் மூக்கை மேலே தூக்கும், யுனிவர்சல் ஜாயிண்ட் உடையும். புதிய அச்சோடு இதைத் தடுக்கும் ஓர் ஆன்டி ராப் கம்பியும் சேர்த்துப் போட்டால்தான் வேலை முழுமை.

மிகக் கவனம் வேண்டியது பிரேக். டிரம் இருந்த இடத்தில் டிஸ்க் வரும்போது முன் பின் பிரேக் பங்கீடு மாறுகிறது. ஹைலக்ஸில் பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் அநேகமாகச் சேராது, புதிதாகச் செய்யத்தான் வேண்டும். மலைச்சரிவில் ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டி யாரையும் கொல்லக்கூடியது.

கிள்ளானில் எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணன் அச்சு விசாரித்து வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இது: "தம்பி, மொதல்ல டயரக் காட்டு. அப்புறம் பின்னாடி எவ்ளோ சாமான் ஏத்துவேன்னு சொல்லு. அதுக்கப்புறம் பேசலாம்." அச்சு விற்று லாபம் பார்க்கிறவர் சொல்கிற பேச்சு இல்லை இது. அப்படிப்பட்டவரிடம் வேலையைக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்த்தபோது

நெடுஞ்சாலையில் இரண்டு ஹைலக்ஸுக்கும் வித்தியாசம் உடனே தெரிகிறது. 80 அச்சு கனமானது. காலி வண்டியில் கூட்டரசு நெடுஞ்சாலையின் பாலத்து இணைப்புகளைக் கடக்கும்போது பின்பக்கம் குத்துகிறது. பாரம் ஏற்றியதும் அது அடங்கிவிடுகிறது. அச்சு அகலமானதால் வளைவில் வண்டி இன்னும் ஊன்றி நிற்கிறது. டிஸ்க் பிரேக் சேற்றிலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களிலேயே முழுப் பிடிக்கு வந்துவிடுகிறது; டிரம்மில் சேறு சிக்கிக்கொண்டால் நெடுநேரம் கரகரக்கும்.

காட்டில் வித்தியாசம் வேறு விதம். 8 அங்குல அச்சு வண்டியில் வேர் குறுக்கிடும் ஏற்றங்களில் காலை மெத்தென்று வைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. டயர் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாக வேண்டும். நல்ல ஓட்டுநருக்கு அது இயல்பாகவே வரும். 80 அச்சு வண்டியில் அந்தப் பதற்றம் இல்லை. லாக்கரைப் பூட்டி நிதானமாக ஏறினால் அச்சு வாயைத் திறக்கவே இல்லை. பேட்ரோல் அச்சு வண்டியிலும் அதே உறுதி. பின்பக்கம் இன்னும் சற்றுக் கனமாகத் தோன்றியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்னால் உடையாதபடி செய்துவிட்டால் அடுத்த அடி முன்னால் இறங்கும். எல்என்106இன் முன் அச்சில் பர்ஃபீல்ட் ஜாயிண்டுகள் இருக்கின்றன. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் அவை உடையும். பின் அச்சின் பலம் தருகிற துணிச்சலில் முன் அச்சை மறந்துவிட வேண்டாம்.

சட்டமும் காப்புறுதியும்

பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் அச்சு மாற்றுவது சாதாரண உதிரிப்பாகம் மாற்றுவது போன்றதல்ல. வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை என்பதால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி, பிறகு பரிசோதனை என்ற வரிசையில் போக வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே கேளுங்கள்; வெல்டு எல்லாம் முடிந்த பிறகு கேட்பது பணத்தை ஆற்றில் போடுகிற வேலை. பழைய அச்சு, புதிய அச்சு, வெல்டு ஆகியவற்றின் படங்களையும் அச்சு வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் மூட வேண்டும்.

யாருக்கு எது?

31, 33 அங்குல டயர், வார இறுதி மலைப்பாதை, திறந்த டிஃப் அல்லது எப்போதாவது பூட்டுகிற லாக்கர் என்றால் 8 அங்குல அச்சை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஷாஃப்ட் ஒரு ஜோடி, பிரீதர் குழாய், பாரம் அதிகமென்றால் ஹவுசிங்குக்கு ஒரு டிரஸ். கழற்றிய பழைய ஷாஃப்ட் நேராக இருந்தால் அதையே உபரியாக வண்டியில் வையுங்கள். மீதிப் பணத்தை முன் பர்ஃபீல்டுக்கு ஒதுக்குங்கள்.

35 அங்குலம், லாக்கர், முன்னும் பின்னும் விஞ்ச், முழு முகாம் சாமான் என்று போகிறவர்களுக்கு என் தேர்வு லேண்ட் குரூஸர் 80இன் ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சு. விகிதப் பொருத்தம், உதிரிப்பாகம், ரிம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டொயோட்டா வண்டிக்கு இதுவே சுலபம். 4.1 முன் டிஃப்போடு ஓடுகிறவருக்கு நல்ல நிலையில் ஒரு 4.11 பேட்ரோல் அச்சு கையில் வந்து சேர்ந்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். பலத்தில் குறையொன்றும் இல்லை.

எதைப் போட்டாலும் வண்டியில் ஒரு பை இருக்கட்டும். உபரி ஷாஃப்ட், ஹப் மூடும் தகடு, கேஸ்கெட், உடைந்த துண்டை டிஃப் குழாயிலிருந்து இழுத்தெடுக்க நீண்ட காந்தக் கம்பி, டார்க் ரெஞ்சு, ஒரு புட்டி டிஃப் ஆயில். அந்தப் பையைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவராவது வண்டியில் இருக்க வேண்டும். அதற்கு வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஷாஃப்டை உருவி மறுபடி மாட்டிப் பாருங்கள். வெளிச்சத்தில் செய்து பழகிய கை, மழையிலும் இருட்டிலும் அதைச் செய்யும்.